இடித்துரைக்கும் உரிமை



நாகமலை அடிவாரத்தில் பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை வாசித்து வரும் இவ்வட்டம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா ஒன்று உண்டு. பிறர் குற்றத்தைக் கடிந்துரைக்கும் உரிமை யாருக்கு உரியது? யூத உரை மரபும் நம் புறநானூறும் இதற்கு ஒத்த விடை தருகின்றன.

யூதா நாட்டு இறைவாக்கினர் எரேமியா, தீநெறியினின்று திரும்பாவிடில் நகர் அழியும் என்று ஆண்டுக்கணக்கில் இடித்துரைத்தவர். அவர் சொல்லப் பாரூக் எழுதிய சுருளை, மன்னன் யோயாக்கீம் கத்தியால் அறுத்தறுத்துக் கணப்புத் தீயிலிட்டான். எரேமியா மீண்டும் எழுதுவித்தார். முன்னில்லாத பல சொற்களும் அதில் சேர்ந்தன.

அவை ஏன் சேர்ந்தன? 'மெக்கில்தா' என்னும் பண்டைய யூத உரை, இறைவனைத் தந்தையாகவும் மக்களை மகனாகவும் கொண்டு இதனை விளக்குகிறது. எலியா தந்தையின் மானத்தை மட்டுமே காத்தார். யோனா மகனின் மானத்தை மட்டுமே காத்தார். எரேமியா இருவர் மானத்தையும் காத்தார். ஆதலால் அவர் வாக்கு இரட்டித்தது என்பது அவ்வுரையின் முடிபு.

பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி (1040–1105), எரிந்த சுருள் 'புலம்பல்' நூலே என்பார். ஆத்திசூடி போல எழுத்து வரிசையில் அமைந்த மூன்று பாடல்கள் அதில் இருந்தன. பின்னர்ச் சேர்ந்த பாடலிலோ ஒவ்வோர் எழுத்தும் மும்முறை வருகிறது. கடிந்துரைத்த சொல்லே ஒப்பாரியாகும் என்பது இவ்வுரையில் தோன்றும் உண்மை. கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்தது.

இனி, கோவூர்கிழாரைக் காண்போம். 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் 44 முதல் 47 வரையிலான நான்கு பாடல்களும் அவருடையவை. நலங்கிள்ளியைப் பலகாலும் பாடியவர் அவர். எனினும், நலங்கிள்ளி ஆவூரை முற்றியபோது, உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியிடம் பாலின்றி அழும் குழவிகளைச் சுட்டி, அறமாயின் கதவைத் திற, மறமாயின் போரிடு என இடித்துரைத்தார். உறையூர் முற்றுகையில் இருவரையுமே கடிந்தார்: இருவர் சூடியதும் ஆத்தியே, எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே. மலையமான் மக்களை யானைக்கு இடவிருந்த கிள்ளிவளவனையும், புலவன் இளந்தத்தனை ஒற்றன் எனக் கொல்லப் புகுந்த நெடுங்கிள்ளியையும் அவ்வாறே தடுத்தார்.

எரேமியாவுக்கு இறைவனின் ஆணை இருந்தது. கோவூர்கிழாருக்கோ புலமை ஒன்றே துணை. ஆயினும் இருவரும் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கத்தை ஏசவில்லை. இருபக்கத்து இழப்பையும் தம் இழப்பாகக் கொண்டனர். அதுவே அவர்தம் உரிமை. அவ்வுரிமை எப்போதும் வென்றதில்லை. நெடுங்கிள்ளிக்கு வரலாறு அளித்த அடைமொழி 'காரியாற்றுத் துஞ்சிய' என்பதே!

கவியரங்கக் கைதட்டலினும் நண்பரின் இடிப்புரை அரியது. ஒரு கவிதையின் குறையைச் சொல்லுமுன், அக்கவிதை தோற்றால் தமக்கும் இழப்பு என்று உணர்பவரே சொல்லத் தக்கவர். அத்தகையோர் மீண்டும் மீண்டும் சொல்லட்டும். கேட்போர் சுருளை எரிக்காதிருக்கட்டும்.