உத்தரமேரூரின் இரண்டாவது கல்வெட்டு



உத்தரமேரூர் என்றதும் நம் எல்லோர் வாயிலும் வருவது, குடத்தில் பெயரோலை இட்டுக் குலுக்கி ஆள் தேர்ந்த குடவோலை முறை. பள்ளிப் பாடத்தில் படித்தோம். மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். அந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் தேர்தல் விதி கூறும் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. முதலாவது முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல் வெட்டியது. அடுத்தது 14ஆம் ஆட்சியாண்டில், 921இல். ஒரே ஊர்ச்சபை, ஒரே பொருள், இரண்டே ஆண்டு இடைவெளி. பிறகு எதற்காக இரண்டாவது? தேர்தல் நடத்தினார்கள் என்பதைவிட, நடத்திய விதியை இவ்வளவு சீக்கிரம் எடுத்துத் திருத்தினார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். இன்றைய சொல்லில் வார்டுகள். தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் என்று வேலைக்கு ஒரு குழு. பதவிக் காலம் 360 நாள். இந்த அடிப்படை இரண்டு கல்வெட்டுக்கும் பொது. மாறியவற்றைப் பாருங்கள். முதல் விதியில் உறுப்பினரின் வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள். இளையவர்கள் ஐந்து ஆண்டு இழந்தார்கள், மூத்தவர்கள் பத்து ஆண்டு பெற்றார்கள். இதைப் பற்றிச் சபையில் காரசாரமாகப் பேசியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

உறவினர் பற்றிய விதிதான் என்னை அதிகம் நிறுத்தி வைப்பது. 919இல், பதவி முடிந்து இறங்கிய வாரியத்தாரின் நெருங்கிய பந்துக்கள் வரக் கூடாது என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிட்டார்கள். 921இல் கை இறுகுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடவோலைக்கு எழுதக் கூடாது. அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தான், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவன், சகோதரியின் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என்று ஒவ்வொரு முறையையும் பெயர் சொல்லி அடைக்கிறார்கள். கல்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் உளி வேலை உண்டு. இவ்வளவு நீளமாக எழுதினார்கள் என்றால், ‘மச்சான் நெருங்கிய உறவில் சேர்த்தியா’ என்று யாரோ வாதாடிப் பார்த்திருக்க வேண்டும். இது என் ஊகம். ஆனால் ஊராட்சி மன்றக் கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்தவர்கள் இதை நம்பத் தயங்க மாட்டார்கள்.

சீட்டெடுக்கும் முறையும் இப்படியே விரிகிறது. சபையார் இளையவர் முதியவர் எல்லோரும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை அனைவரும் காணத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுக்கிறான். அதை வேறொரு குடத்தில் அவிழ்த்துப் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நடுவரான மத்தியஸ்தனிடம் கொடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே வாங்க வேண்டும். அவன் உரக்க வாசித்த பெயரை, அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். விரலை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வரை விதி எழுதிய சபை அது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது பிராமணர்களின் சபை. கால் வேலி என்ற அளவுக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் கேட்ட சபை. அரைக்கால் வேலி உள்ளவனும் வரலாம் என்று 921இல் ஒரு கதவு திறக்கிறது. அதுவும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவனுக்கு மட்டும். பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அங்கே இடமில்லை. அரசனின் ஆணையும் உண்டு, அரசு அதிகாரி சபையில் உடனிருந்தார். ஆகவே அதை இன்றைய மக்களாட்சிக்கு முன்மாதிரி என்று நான் கொண்டாட மாட்டேன். திருத்திய வேகத்தையும், திருத்தத்தை எல்லோர் கண்ணிலும் பட வைத்த நேர்மையையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். பழைய விதியை அவர்கள் செதுக்கி அழித்துவிடவில்லை. இன்றைக்கும் இரண்டையும் ஒப்பிட்டு வாசிக்கலாம்.

நம் காலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு நகராட்சிகளை 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் 2023 வரை ஆண்டது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென 1998இல் புதிய சட்டம் வந்தும், 2000இல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்கான விதிகள் எழுதப்பட்டு 2023 ஏப்ரல் 13இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையிடையே திருத்தங்கள் நடந்தன, மறுக்கவில்லை. அவையெல்லாம் கோட்டையில் எழுதி, அரசிதழில் அச்சாகி, எழுத்தரின் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தவை. கவுன்சிலர்களிலேயே எத்தனை பேர் முழுவதும் படித்திருப்பார்கள்?

ஊராட்சிகள் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. பெண்களுக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கு இடம் இருந்தது. 2016 திருத்தம் அதைப் பாதியாக்கியது. மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025இல் திருத்தம் வந்தது. இரண்டும் மனதாரப் பாராட்ட வேண்டியவை. ஆனால் தலைவர் நாற்காலியில் மனைவி, கூட்டத்தைப் பேசி முடிப்பது கணவர் என்கிற காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். தலைவி கையெழுத்திட வேண்டிய இடத்தில் கணவர் விரல் வைத்துக் காட்டுவார். இது 921ஆம் ஆண்டுச் சபை ஒரே கூட்டத்தில் எடுத்துப் பேசியிருக்கக்கூடிய ஓட்டை.

சட்டத்தை மாற்றும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை என்பது உண்மைதான். துணைவிதி இயற்றிக்கொள்ள இடமிருக்கிறது, மேலிட ஒப்புதலோடு. தீர்மானம் போட்டு அரசை வலியுறுத்தவும் தடையில்லை. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்றை, நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று கூடுவதை, விதிகளுக்கென்றே ஒதுக்கும்படி கேட்கிறேன். குடிநீர்க் கட்டணம் எப்படி வசூலாகிறது, கணக்கு யார் முன் வாசிக்கப்படுகிறது, தலைவிக்குப் பதிலாக யார் பேசுகிறார்கள் என்று ஒவ்வொன்றாக எடுக்கட்டும். மாறிய விதியையும் பழைய விதியையும் பக்கத்தில் பக்கத்தில் தமிழில் அச்சிட்டு, ஊராட்சி அலுவலக வெளிச்சுவரில் ஒட்டட்டும். அடுத்த ஆண்டு அதே நாளில் அதே சுவருக்கு முன்னால் கூடி, எது வேலை செய்தது, எதில் மறுபடியும் ஓட்டை விழுந்தது என்று கேட்கட்டும்.