மலையூரும் செய்தித்தாளும்

(ஜவ்வாது மலைப் பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே நிகழ்த்திய உரை)



சாமை விலையும் புளி விலையும் பேசவேண்டிய இம்மேடையில் பத்திரிகை அலுவலகத்தின் கதை எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், சென்ற சில ஆண்டுகளில் இம்மலையைச் சுற்றி நிகழ்ந்த இரண்டு துயரச் சம்பவங்களை நினைவுகூர்ந்தால், செய்தி எங்கே பிறக்கிறது, எவ்வழியே நடக்கிறது என்பதை நம்மவர் அறிந்திருப்பது எத்துணை அவசியம் என்பது விளங்கும். அவற்றைச் சொல்லுமுன், செய்தித்தாள் அலுவலகம் முன்பு இருந்த நிலையையும் இப்பொழுது இருக்கும் நிலையையும் சிறிது பார்ப்போம்.

முன்னாளில் தாலூகா நிருபர் செய்தியைத் தாளில் எழுதி, உறையிலிட்டுப் பேருந்தில் அனுப்புவார். அவசரமானால் தந்தி கொடுப்பார். (அத்தந்திச் சேவையும் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது.) இரவில் குறித்த மணிக்குப் பக்கம் மூடப்படும். அதன்பின் வந்தது எத்துணைப் பெரிய செய்தியாயினும் மறுநாளைக்கே. விடியற்காலையில் பத்திரிகைக் கட்டு மலையேறி வந்ததும், தேநீர்க் கடைப் பலகையில் ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். இருவர் மறுத்துப் பேசுவார்கள். வாசகர் ஈடுபாடு என்று இன்று பெருநகர அலுவலகங்களில் புதுமையாகப் பேசப்படுவது இப்பலகையில் நெடுங்காலமாக நடந்துவந்ததுதான். ஆனால் அப்பேச்சு ஆசிரியரின் செவிக்கு எட்டாது. யாரேனும் ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டாலொழிய, மலையில் தம் பத்திரிகையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர் அறிய வழியில்லை.

1995 ஆம் ஆண்டில் ‘தி இந்து’ நாளிதழ் இந்தியப் பத்திரிகைகளில் முதலாவதாக இணையத்தில் ஏறியது. பின்னர் மற்றவையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அப்பொழுதெல்லாம் அச்சில் வந்ததையே இணையத்திலும் எடுத்துப் போட்டார்கள். கைபேசி வீடுதோறும் வந்த பிறகே அலுவலகத்தின் அமைப்பு மாறியது. பக்கம் மூடும் நேரம் என்பது அச்சுக்கு மட்டும் உரியதாயிற்று. நிருபர் நிகழ்ச்சி நடந்த இடத்திலிருந்தே நான்கு வரியும் ஒரு படமும் ஒரு காணொளியும் அனுப்புகிறார். அவை சில நிமிடங்களில் வெளியாகின்றன. விரிவான செய்தி மாலையில் எழுதப்படுகிறது. அலுவலகச் சுவரில் ஒரு திரை இருக்கும். எந்தச் செய்தியை இந்நொடியில் எத்தனை பேர் படிக்கிறார்கள், எவ்வளவு நேரம் நின்று படிக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து படிக்கிறார்கள் என்பதையெல்லாம் அது காட்டிக்கொண்டே இருக்கும். படிப்போர் குறைந்தால் தலைப்பை மாற்றிப் பார்ப்பார்கள். வாசகர் எழுதும் கருத்துக்களைப் படிக்கவும், அவர்கள் அனுப்பும் படங்களைச் சரிபார்க்கவும் தனியே ஆட்கள் உண்டு.

இந்தத் திரையைப் பற்றித்தான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். விளம்பர வருமானம் பெரிதும் அந்த எண்ணிக்கையைப் பற்றியே இருப்பதால், ஆசிரியர்கள் அதனைப் புறக்கணிக்க இயலாது. ஆனால் கைபேசிக் கோபுரம் எட்டாத குக்கிராமத்தான் அத்திரையில் ஒரு புள்ளியாகக்கூடத் தோன்றமாட்டான். 4ஜி வசதியற்ற 24,680 கிராமங்களுக்கு அதனைக் கொண்டுசெல்ல மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில்தான் ஒப்புதல் அளித்தது. மலைமக்கள் சிலர், அவர்களுள்ளும் இணையத்தில் படிப்போர் மிகச் சிலர். ஆகவே ஜவ்வாது மலைக் கோடை விழாவும் பீமன் அருவியும் எளிதில் இடம்பெறும். அவற்றைச் சமவெளியார் ஆவலோடு பார்ப்பார்கள். வனவுரிமைச் சட்டத்தின்படி கொடுத்த மனு என்னவாயிற்று, மழையில் அறுந்த மண்பாதை எப்பொழுது சீராகும் என்பவை எளிதில் இடம்பெறா. இதனைச் சூழ்ச்சி என்று கருதுவது பேதைமை. எண்ணிக்கையைக் கொண்டு அளந்தால் விளைவு அப்படித்தான் இருக்கும்.

முதல் சம்பவத்துக்கு வருவோம். 2018 மே மாதம், நம் மலையடிவாரத்தில் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தாரைக் குழந்தை கடத்துபவர்கள் என்று கூட்டம் வளைத்துக்கொண்டது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அவர்கள் செய்த பிழை. சென்னையைச் சேர்ந்த ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அந்நாட்களில் வட மாவட்டங்களெங்கும் கைபேசிக்குக் கைபேசி வாட்சப்பில் ஓடிய பொய்ச் செய்தியே அதற்குக் காரணம். அதனை எந்த ஆசிரியரும் பார்க்கவில்லை, எந்த நிருபரும் விசாரிக்கவில்லை. அது செய்தித்தாளுக்கு வெளியே பிறந்து, செய்தித்தாளைவிட விரைவாக நடந்தது. அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வாட்சப் கட்டுப்பாடு விதித்தது. பத்திரிகை அலுவலகங்களிலும், உலவும் வதந்தியை எடுத்துச் சோதித்து, உண்மை இது, பொய் இது என்று வெளியிடும் பகுதிகள் பெருகின. படம் முதன்முதல் எங்கே, எந்த ஆண்டில் வெளியாயிற்று என்று தேடுவதும், சொல்லப்பட்ட ஊருக்கே தொலைபேசியில் பேசிக் கேட்பதும் அவர்கள் வேலை. அப்படிக் கேட்கும்போது மறுமுனையில் பதில் சொல்லவேண்டியவர் பெரும்பாலும் யார்? ஊரின் பஞ்சாயத்துத் தலைவரோ உறுப்பினரோ அல்லவா?

இரண்டாவது சம்பவம் 2023 மே மாதத்தில் நிகழ்ந்தது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் ஒரு கைக்குழந்தையைப் பாம்பு தீண்டியது. சாலையின்மையால் மருத்துவமனை சேர்வது தாமதப்பட்டுக் குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுவந்த வண்டியும் மேலே ஏற முடியாமற்போகவே, தாய் அதனைக் கையில் சுமந்து நடந்தாள். அக்காட்சி கைபேசிகளில் பரவி, எல்லாப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் வெளியாயிற்று. அதன்பின் அம்மலைச் சாலைக்கான ஏற்பாடுகள் விரைவு பெற்றன. சாலை இல்லை என்பது மலைமக்களுக்கு முந்தைய நாளும் தெரியும், பத்தாண்டுகளுக்கு முன்பும் தெரியும். ஒரு சாவு நேர்ந்த பிறகே அது செய்தியாயிற்று. மரணத்துக்கு முன்னமே அச்சாலையைச் செய்தியாக்கியிருக்கக் கூடுமா என்பதே நம் கேள்வி.

கூடும் என்பதற்குப் பிற மாநிலங்களில் சான்றுகள் உண்டு. சத்தீஸ்கரில் 2010 இல் தொடங்கிய ‘சிஜிநெட் ஸ்வரா’வில், எழுத்தறியாத பழங்குடியினர் ஓர் எண்ணை அழைத்துத் தம் கோண்டி மொழியிலேயே குறையைச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பயிற்சி பெற்றோர் அதனைச் சரிபார்த்து வெளியிட்டார்கள். எவரும் அழைத்துக் கேட்க முடிந்தது. உத்தரப் பிரதேசச் சித்ரகூடத்தில் 2002 இல் கிராமப் பெண்கள், பெரும்பாலோர் தலித் பெண்கள், ‘கபர் லஹரியா’ என்னும் இதழைத் தொடங்கினார்கள். பின்னர் அச்சை விடுத்துக் கைபேசியில் படமெடுத்து இணையத்தில் வெளியிடலானார்கள். உடைந்த கைப்பம்பும் வராத மின்சாரமும் அவர்கள் செய்திகள். அவர்கள் எடுப்பது ஊராரின் குறை. அதைப் பார்ப்பதும் அவ்வூராரே. அங்கே சிறிய எண்ணிக்கையும் பெரிதாக மதிக்கப்படுகிறது.

நம் மலையில் அப்படியொரு முயற்சி முளைக்கும்வரை, இருக்கும் பத்திரிகைகளைப் பயன்படுத்துவது எப்படி? நிருபருக்கு இன்று அவகாசம் குறைவு. “எங்கள் ஊருக்குச் சாலை இல்லை” என்று ஒரு குரற்பதிவு அனுப்பினால் அது நூற்றில் ஒன்றாகக் கிடக்கும். எந்தக் குக்கிராமம், எத்தனை வீடு, எத்தனை கிலோமீட்டர், எந்தத் தேதியில் எந்த அலுவலகத்தில் மனு கொடுக்கப்பட்டது, வந்த பதில் என்ன என்று பத்து வரியில் எழுதி, பகலில் எடுத்த படத்தையும் இடம், நாள் குறித்து அனுப்பினால், அது பாதி முடிந்த செய்தி. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அங்கே நிறைவேறிய தீர்மானத்தின் எண்ணும் தேதியும் சேர்ந்தால், நிருபர் அதிகாரியிடம் கேட்பதற்கு உறுதியான பிடி கிடைக்கும். வேறெங்கோ நடந்த பழைய படத்தை நம் ஊர் என்று ஒரு தடவை அனுப்பிவிட்டால், அடுத்த பத்து உண்மைகளும் ஐயத்துக்குள்ளாகும். இதில் இளைஞர்களைக் கண்டித்தே வளர்க்க வேண்டும்.

வெளியான செய்தியில் பிழை கண்டால் சும்மா இருந்துவிடுவது நம்மவர் வழக்கம். அது கூடாது. முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். 2006 இல் ‘தி இந்து’ வாசகர்களின் புகாரை ஆராயவென்றே தனி ஆசிரியர் ஒருவரை நியமித்தது. மற்ற இதழ்களிலும் திருத்தம் வெளியிடும் வழக்கம் உண்டு. பதில் வாராவிடில் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு எழுதலாம். நாளிதழாயின் வெளியான இரண்டு மாதத்துக்குள் எழுத வேண்டும். திருத்தம் கேட்கும்போது, அச்சுப் பதிப்போடு இணையப் பதிப்பையும் திருத்துமாறு மறவாமல் கேளுங்கள். அச்சுத்தாள் மறுவாரமே பொட்டலம் கட்டப் போய்விடும். இணையத்திலுள்ளதையோ, பத்தாண்டு கழித்து இவ்வூரைப் பற்றித் தேடும் அதிகாரியும் மாணவனும் அப்படியே எடுத்துப் படிப்பார்கள்.