பெரிய எஞ்சினும் சின்ன டிரைவும்

வழக்கமாக இந்த நேரத்தில் வருமான வரி, வீட்டுக் கடன், ஓய்வூதியச் சேமிப்பு என்று உங்களைப் பயமுறுத்துகிற நான், இன்று படகைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கணக்காளருக்குப் படகில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு படகு வைத்திருக்கிறோம். அதற்குப் பொருளாளர் நான். அந்தப் பொருளாளர் விட்ட பிழையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ரொறன்ரோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் ஓடுவதற்காக 22 அடி நீளமான பழைய படகொன்றை வாங்கினோம். விற்றவர், "முந்திய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெரியது போட்டிருக்கிறேன், 320 குதிரைவலு" என்றார். எங்களுக்குப் புளுகம் தாங்கவில்லை. அந்த வலுவைத் தண்ணீருக்குக் கொண்டு போகிற டிரைவும் மாற்றப்பட்டதா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாவது கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் மூவரோடு சேர்த்து ஏழு பேர். நடு ஏரியில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு, திரும்புவதற்காக விசையைத் தள்ளினோம். பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். எஞ்சின் அலறுகிறது, படகு அசையவில்லை. சிம்கோ பரந்த ஏரி. காற்றடித்தால் கொஞ்ச நேரத்திலேயே அலை எழும்பிவிடும். எல்லோரும் உயிர்காப்பு அங்கி போட்டிருந்ததால் பயத்தோடு போயிற்று. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு படகுக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

மெக்கானிக் திறந்து பார்த்தார். டிரைவின் மேற்பகுதிப் பற்சக்கரங்கள் நொறுங்கியிருந்தன. அவர் இரண்டு விலை சொன்னார். அதே டிரைவைத் திருத்துவது ஒன்று. பலமான மொடலுக்கு மாறுவது மற்றது. பொருளாளர் குறைந்த விலையைத் தெரிந்தெடுத்தார். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் அதே சத்தம் மறுபடியும் கேட்டது.

ஏன் அப்படி? எஞ்சின் படகுக்குள்ளே இருக்க, டிரைவ் வெளியே பின்பலகையில் தொங்குகிற இந்த அமைப்புக்கு ஸ்டேர்ன் டிரைவ் என்று பெயர். 1959இல் சுவீடனின் வொல்வோ பென்டா நிறுவனம் 'அக்குவாமற்றிக்' என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்தியது. எஞ்சினின் சுழற்சி முதலில் கீழ்நோக்கித் திரும்ப வேண்டும், பிறகு பின்நோக்கித் திரும்ப வேண்டும். இரண்டு முடக்கிலும் பற்சக்கரங்கள்தான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. அவற்றை உடைப்பது முறுக்குவிசை. நின்ற படகு பாரத்தோடு மேலெழும்பி ஓடத் தொடங்கும் நேரத்தில் அது மிகவும் கூடும். அலையில் துள்ளிப் புரொபெல்லர் வெளியே வந்து, வேகமாகச் சுழன்றபடி திரும்பத் தண்ணீரில் விழும்போது சுத்தியலால் அடித்தது போல் இருக்கும். எங்கள் டிரைவைச் செய்தவர்களில் பிழையில்லை. அது தாங்கவென்று செய்யப்படாத பாரத்தை ஏற்றியவர்கள் நாங்கள்.

பரவலாகப் பாவனையிலுள்ள ஒரு தயாரிப்பை உதாரணத்துக்கு எடுப்போம். மேர்குரூசரில் 'அல்பா வன்' சுமார் 300 குதிரைவலு வரையான எஞ்சின்களுக்கானது. அதற்கு மேலே 'பிராவோ' வரிசை வருகிறது. ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டினால் சரி என்று நினைக்கிறவர்கள் பலர். நானும் அப்படித்தான் நினைத்தேன். டிரைவின் விலையை மட்டும் எழுதி மூன்றால் பிரித்தேன். உண்மையான பட்டியலைக் கேளுங்கள்.

முதலாவது, தண்ணீர்ப் பம்ப். அல்பாவில் எஞ்சினைக் குளிராக்கும் தண்ணீரை இழுக்கும் பம்ப் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. பிராவோவில் அது இல்லை. எஞ்சினில் பெல்ற் மூலம் ஓடும் தனிப் பம்ப் பூட்ட வேண்டும். இதை மறந்தால் எஞ்சின் சில நிமிடங்களில் சூடேறிவிடும். இரண்டாவது, பின்பலகையில் டிரைவைத் தாங்கும் பாகங்கள். அந்த அமைப்பை முழுதாக மாற்றுவதென்றால் எஞ்சினை வெளியே தூக்க வேண்டும். திரும்ப வைக்கும்போது எஞ்சினும் டிரைவும் நேர்கோட்டில் நிற்கிறதா என்று அளக்க வேண்டும். மூன்றாவது, கியர் மாற்றும் முறை. அல்பாவில் கியரை விடுவிக்க எஞ்சினைக் கணநேரம் தடுமாற வைக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. பிராவோவின் கிளச் வேறு வகை. அதற்கு அது தேவையில்லை. நான்காவது, புரொபெல்லர். பழையது புதிய தண்டில் ஏறாது. கடைசியாகக் கூலி.

எல்லாம் சேர்ந்தபோது நான் ஒதுக்கிய தொகை பாதிக்குத்தான் காணும். ஒரு நண்பர் பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு வைத்திருந்த காசில் கைவைக்க வேண்டி வந்தது. முதல்முறை உடைந்தபோதே மாறியிருந்தால் ஒரு திருத்தச் செலவு மிஞ்சியிருக்கும். அந்தக் கூட்டத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

புதிய டிரைவ் போட்டு நான்கு கோடை ஓடிவிட்டது. வேகம் ஒரு மைல்கூடக் கூடவில்லை. கூடவும் மாட்டாது, எஞ்சின் அதேதான், டிரைவ் முன்னையதைவிடக் கனம். நாங்கள் காசு கொடுத்தது வேகத்துக்கு அல்ல. பிள்ளைகளோடு போனால் பிள்ளைகளோடு திரும்பி வருவோம் என்ற நம்பிக்கைக்கு.

இந்த நிலையில் இருக்கிற நேயர்களுக்கு மூன்று வார்த்தை. பெரிய டிரைவ் வாங்க முன்னர், பழையது ஏன் உடைந்தது என்று கேளுங்கள். கியர் ஒயில் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அப்போது குற்றம் டிரைவின் பலத்தில் அல்ல, பராமரிப்பில். இறப்பர் உறையையும் சீல்களையும் மாற்றி, ஒவ்வோர் இலையுதிர்காலமும் ஒயிலைப் புதுப்பித்தால் சின்ன டிரைவே நெடுங்காலம் உழைக்கும். உள்ளே நின்ற தண்ணீர் நம் நாட்டுக் குளிரில் உறைந்தால் டிரைவின் உடலே வெடித்துவிடும். இரண்டாவது, எஞ்சின் வலு டிரைவின் எல்லைக்கு மேலே என்றால் திருத்துவதில் பயனில்லை, மாறுங்கள். ஆனால் முழுப் பட்டியலையும் எழுத்தில் வாங்கிய பிறகு. மூன்றாவது, எஞ்சினோ டிரைவோ மாற்றினால் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

கணக்குப் புத்தகத்தில் குறைந்த விலை ஒரு வரிதான். அதற்குக் கீழே எத்தனை வரி வருமென்று பார்ப்பதுதான் பொருளாளரின் வேலை. அதை நான் ஏரியில் படித்தேன். நீங்கள் வானொலியில் படித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் மறுபடியும் வருமான வரியோடு வருகிறேன்.