காவலும் தற்காப்பும்



கள்வர் பயம் மிகுந்தவிடத்து அயலவர் கூடித் தெருவைக் காத்தல் இயல்பே. ஆயினும் அக்காவலுக்கும் ஓர் எல்லை உண்டு.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், 2020 பெப்ரவரி 23ஆம் நாள், அஹ்மோட் ஆர்பெரி என்னும் 25 வயதுக் கறுப்பின இளைஞர் ஒரு குடியிருப்பினூடாக ஓடிக்கொண்டிருந்தார். அவரைக் கள்வரென ஐயுற்ற வெள்ளையர் மூவர் வாகனங்களில் துரத்தி மறித்தனர். ஒருவர் துப்பாக்கியை நீட்டினார். கையில் ஆயுதமேதுமற்ற அவ்விளைஞர், அதன்பின் நேர்ந்த கைகலப்பில் சுடப்பட்டு மாண்டார். தற்காப்புக்காகவே சுட்டதாகச் சுட்டவர் வாதாடினார். யூரிமார் அதனை ஏற்கவில்லை. 2021 நவம்பரில் மூவரையும் கொலைக் குற்றவாளிகளெனத் தீர்த்தனர்.

நம் நாட்டில் 1883இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையும் தற்காப்புரிமையை ஒப்புக்கொள்கின்றது. எனினும், அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்குமாயின் அவ்வுரிமை இல்லை. தேவைக்கு மிஞ்சிய தீங்கிழைக்கவும் அது இடந்தராது.

ஆகவே, ஐயத்துக்கிடமானவரைக் கண்டால் தொலைவில் நின்று கவனியுங்கள், பொலிசாருக்கு அறிவியுங்கள். துரத்திச் சென்று ஆபத்தைத் தானே உண்டாக்கியவன், அவ்வாபத்தினின்றும் தன்னைக் காத்துக்கொண்டதாகக் கூறுதல் நீதிக்கு ஒவ்வாது. காவலன் விழித்திருப்பது கண்ணால், கைத்தடியால் அன்று.