கற்ற கையே காவல்



1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் இந்தப் புத்தளக் கரையிலே தஞ்சம் புகுந்தனர். வீடும் காணியும் இழந்து வந்த பெண்கள் கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் நாட்கூலிகளாயினர். கூலி போதாமையாற் பலர் வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாய்ச் சென்றனர்.

அறியாத மொழி, அறியாத சட்டம்: விளைவு யாது? மூதூர் றிசானா நபீக்கை நாம் மறக்கலாமா? பிறப்புச் சான்றிதழ்ப்படி 17 வயதேயான அந்த ஏழைச் சிறுமியை, கடவுச்சீட்டிலே வயதைக் கூட்டி, 2005இல் சவூதிக்கு அனுப்பினர். அவள் பொறுப்பிலிருந்த குழந்தை இறந்தது. வழக்கறிஞருமின்றி, தக்க மொழிபெயர்ப்பாளருமின்றி வாக்குமூலம் பெறப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் நாள் அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

ஆகவே, நாம் கேட்பது தையல் இயந்திரம் மட்டுமன்று. ஒப்பந்தத்தை வாசித்தறியவும், கூலியைக் கணக்கிட்டுக் கேட்கவும், அரபு மொழியிற் பேசவும் தமிழ்வழிப் பயிற்சி ஊர்தோறும் வேண்டும். தையலும் பாயிழைத்தலும் பழகும் பட்டறைகள் சந்தையோடு இணைய வேண்டும். போவதோ இருப்பதோ அவள் விருப்பமாகட்டும். வறுமையின் கட்டளையாதல் வேண்டா!