வேட்கையும் வினையும்
தன்பாலீர்ப்பு குறித்துச் சமண நூல்களும் இன்றைய அறிவியலும்

(பர்யூஷணப் பெருவிழாவில் அன்னூரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பர்யூஷண நாட்கள் பிறரை ஆராய்வதற்காக ஏற்பட்டவை அல்ல. தன்னைத் தானே ஆராய்வதற்காக ஏற்பட்டவை. எனவே வீட்டுக் கூடத்தில் பேசத் தயங்கும் ஒரு பொருளை இந்த அறமன்றத்தில் எடுத்துக்கொள்வது பொருத்தமே. ஆண் ஆணிடத்தும் பெண் பெண்ணிடத்தும் காதல் கொள்ளும் இயல்பை இன்றைய தமிழ் தன்பாலீர்ப்பு என்று குறிக்கிறது. இச்சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர் உண்டு. மேலைநாட்டிலிருந்து வந்து சேர்ந்த வழக்கம் என்று ஒதுக்குபவரும் உண்டு. ஆனால் அன்னூரிலோ அவிநாசியிலோ மேட்டுப்பாளையத்திலோ, வரன் பார்க்கத் தொடங்கிய வீட்டில் மகனோ மகளோ தலைகுனிந்து தன் இயல்பைக் கூறிவிட்டால், அந்தப் பெற்றோர் யாரிடம் செல்வர்? பெரும்பாலும் ஒரே அறிவுரைதான் அவர்களுக்குக் கிடைக்கிறது: ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.’ இவ்வறிவுரை அறத்திற்கு ஒத்ததா, அறிவுக்கு ஒத்ததா என்பதே இவ்வுரையின் வினா.

முதலில் சமண நூல்களைக் காண்போம். உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம் எட்டாம் அத்தியாயத்தில் வினைகளின் வகைகளைக் கூறுகிறது. உயிரை மயக்கும் வினை மோகனீயம் எனப்படும். அதன் உட்பிரிவுகள் 28. அவற்றுள் ஒன்பது, நோகஷாயம் என்னும் சிறு மயக்கங்கள். சிரிப்பு, விருப்பு, வெறுப்பு, துயரம், அச்சம், அருவருப்பு ஆகிய ஆறும், அவற்றோடு மூன்று வேதங்களும் இத்தொகையில் அடங்கும். இங்கு வேதம் என்பது மறைநூலைக் குறிப்பதன்று. நுகர்வு வேட்கை என்பது பொருள். ஆணை விரும்புவது ஸ்திரீ வேதம். பெண்ணை விரும்புவது புருஷ வேதம். இருவரையும் விரும்புவது நபும்சக வேதம்.

இதில் ஊன்றிக் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. உடலின் உறுப்பமைப்பைத் தருவது நாம கர்மம். உள்ளத்தின் வேட்கையைத் தருவது மோகனீய கர்மம். இரண்டும் வெவ்வேறு வினைகள். முன்னதால் அமைவது திரவிய வேதம். பின்னதால் அமைவது பாவ வேதம். இவ்விரண்டும் ஒருவரிடம் எப்போதும் ஒத்திருக்குமா? பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்தச் சக்கரவர்த்தி இயற்றிய கோம்மடசாரம், சீவகாண்டத்தில் இதற்கு விடை கூறுகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒத்திருக்கும். சிலரிடத்து ஒவ்வாமலும் இருக்கும் என்பது அதன் கருத்து. ஆணுடலில் ஆணை நாடும் உள்ளமும், பெண்ணுடலில் பெண்ணை நாடும் உள்ளமும் அமைதல் கூடும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சமண ஆசாரியர் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார். அப்படியிருக்க, இது நேற்று வந்த மேலைநாட்டு வழக்கம் என்னும் கூற்று எவ்வாறு நிற்கும்?

இந்நூலுக்கும் கொங்கு நாட்டிற்கும் ஓர் உறவு உண்டு. சிரவணபெளகொளாவில் பாகுபலியின் பெருஞ்சிலையை நிறுவிய சாமுண்டராயரின் பொருட்டே கோம்மடசாரம் எழுந்தது. அவருடைய தங்கை உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் நிசீதிகை, பெருந்துறைக்கு அருகிலுள்ள விஜயமங்கலம் சந்திரப்பிரபர் கோயிலில் உள்ளது. அவ்வூருக்கு அண்மையில் சீனாபுரம் இருக்கிறது. நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊர் அதுவே என்பது கொங்கு அறிஞர் கொள்கை. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அச்சமண முனிவர், பேடு என்போரை எப்பாலில் வைத்துப் பேசுவது என்று பெயரியலில் விதி வகுத்தார். பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை அவாவுவோர் ஆண்பால். ஆண் தன்மையை விட்டுப் பெண் தன்மையை அவாவுவோர் பெண்பால் என்பது அவ்விதி. அவர்களை அஃறிணை போல வழங்குவதும் உண்டு என்ற குறிப்பையும் அவர் சேர்த்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் பால் பகுப்பிற்கு உறுப்பைக் கொள்ளாது அவாவைக் கொண்ட அவ்விலக்கணப் பார்வை வியக்கத்தக்கது.

இங்கு ஒரு தெளிவு தேவை. நன்னூல் கூறுவது இன்று திருநங்கையர், திருநம்பியர் எனப் போற்றப்படுவோரின் நிலைக்கு நெருக்கமானது. தன்பாலீர்ப்பு அதனின் வேறானது. தன்னை ஆணாகவே உணரும் ஒருவன் மற்றோர் ஆணை விரும்புவது அது. பழைய நூல்கள் இவ்விரண்டையும் இன்றுபோல் பிரித்துப் பேசவில்லை. ஆயினும் உடல் வேறு, உள்ளத்தின் நாட்டம் வேறு என்னும் அடிப்படையை அவை உணர்ந்திருந்தன.

அவ்வாறாயின் சமண நூல்கள் தன்பால் வேட்கையை ஏற்றுக்கொண்டனவா? இல்லை என்பதே நேர்மையான விடை. இல்லறத்தார்க்கு அவை வகுத்த பிரமசரிய அணுவிரதம் கணவன் மனைவி என்னும் உறவுக்குள் அடங்கி நிற்பது. நபும்சக வேதத்தைப் பற்றிக் கோம்மடசாரம் கடுமையாகவே பேசுகிறது. சிலரைத் துறவில் சேர்ப்பதற்குத் தடை கூறும் நூல்களும் உண்டு. ஆனால் அதே கோம்மடசாரம் தரும் உவமைகளைக் கவனித்தல் வேண்டும். புருஷ வேதம் புல் பற்றிய தீ. ஸ்திரீ வேதம் சாண எருவின் தீ. நபும்சக வேதம் செங்கற் சூளையின் தீ. மூன்றும் தீயே. மூன்றும் நீங்கியவரே வேதமற்ற நிலையின் இன்பத்தை எய்துவர் என்கிறது அந்நூல். பெண்ணை விரும்பும் ஆணின் வேட்கைக்கு அங்கே தனிப்பெருமை வழங்கப்படவில்லை, அதுவும் மோகனீயமே. தன் வீட்டில் எரியும் தீயைத் தீபம் என்றும், அடுத்த வீட்டில் எரிவதைச் சுடுகாட்டு நெருப்பு என்றும் கூற இச்சித்தாந்தம் இடந்தரவில்லை.

மற்றொன்றும் உண்டு. பெண்ணுடலில் வீடுபேறு கூடுமா என்று திகம்பரரும் சுவேதாம்பரரும் பல நூற்றாண்டுகள் வாதிட்டனர். அவ்வாதத்தின் ஊடே, ஆணுடலில் பாவ வேதம் மூன்றனுள் எதுவாயினும் அவ்வுயிர் குணஸ்தானங்களில் ஏறி வீடு பெறலாம் என்று திகம்பர உரையாசிரியர்கள் கொண்டனர். வேட்கையின் திசை காரணமாக எந்த உயிரும் நிலையான இழிவுக்கு உரியதாகிவிடவில்லை என்பது இதனால் பெறப்படுகிறது.

பிற சமயங்களிலும் ஒரே குரல் ஒலிக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை தன்பால் உறவைத் திருமணமாக ஏற்பதில்லை. எனினும் அத்தகைய இணையருக்குக் குருமார் எளிய ஆசி வழங்கலாம் என 2023 திசம்பரில் வத்திக்கான் அறிவித்தது. பிரிவு 377-ஐத் தில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தளர்த்தியபோது, பல சமயங்களைச் சார்ந்த அமைப்புகள் ஒன்றுகூடி உச்ச நீதிமன்றத்தில் அதனை எதிர்த்தன. சமயவாதிகளின் தயக்கம் உண்மையானது. அதனை எள்ளி நகையாட வேண்டுவதில்லை. ஆனால் தயக்கம் உள்ளவரும் அறிவியல் கூறுவதைச் செவிமடுத்தல் கடமையாகும்.

அறிவியல் என்ன கூறுகிறது? சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர்களும் இதனை நோயென்றே கருதினர். 1957-இல் ஈவ்லின் ஹூக்கர் என்னும் அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். தன்பாலீர்ப்புடைய ஆடவர் 30 பேர், எதிர்பாலீர்ப்புடைய ஆடவர் 30 பேர் ஆகியோரிடம் உளவியல் சோதனைகள் நடத்தி, முடிவுகளை யார் எவர் என்று கூறாமல் வல்லுநர் மூவரிடம் அவர் அளித்தார். வல்லுநர்களால் இரு குழுவினரையும் பிரித்தறிய இயலவில்லை. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலிலிருந்து இதனை நீக்கியது. 1990-இல் உலகச் சுகாதார நிறுவனமும் நீக்கியது. இது மனநோய் அன்று என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018-இல் வெளிப்படையாக அறிவித்தது.

இதன் காரணம் முழுமையாக அறியப்பட்டுவிட்டது என்று அறிவியல் உரிமை கொண்டாடவில்லை. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 4,70,000 பேருக்கு மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்தது. இதற்கெனத் தனியொரு மரபணு இல்லை. சிறுசிறு செல்வாக்குடைய பல மரபணுக்களும் பிற காரணிகளும் சேர்ந்தே இவ்வியல்பை உருவாக்குகின்றன என்பது அதன் முடிவு. ஒத்த இரட்டையருள் ஒருவர் தன்பாலீர்ப்புடையவராகவும் மற்றவர் அவ்வாறு இல்லாதவராகவும் இருப்பதுண்டு. மூத்த ஆண் உடன்பிறப்புகள் மிகுந்திருக்கும் ஆடவரிடம் இவ்வியல்பு சற்று மிகுதி என்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. தாயின் கருப்பையில் நிகழும் மாற்றங்கள் காரணமாகலாம் எனக் கருதுகின்றனர். ஆட்டு மந்தையோடு வாழ்ந்த கொங்கு மக்களுக்கு வேறொரு செய்தி எளிதில் விளங்கும். அமெரிக்க ஆராய்ச்சிப் பண்ணைகளில் கிடாக்களை ஆராய்ந்தோர், நூற்றுக்கு ஏறத்தாழ எட்டு கிடாக்கள் பெட்டையை நாடாது கிடாவையே நாடுவதைக் கண்டனர். அவற்றிற்கு எந்த மேலை நாகரிகமும் கற்பிக்கப்படவில்லை. விலங்கு செய்வதெல்லாம் மனிதர்க்கு அறமாகிவிடாது; ஆயினும் இது இயற்கைக்குப் புறம்பானது என்னும் வாதத்தை அக்கிடாக்கள் பொய்ப்பிக்கின்றன.

ஒன்றில் மட்டும் ஐயமில்லை. இவ்வீர்ப்பு ஒருவர் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்வதன்று. மருந்தாலோ மிரட்டலாலோ மந்திரத்தாலோ மாறுவதும் அன்று. மாற்றுவதாகக் கூறிச் செய்யப்பட்ட சிகிச்சைகள் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் பெருக்கியுள்ளன. வினையின் உதயம் என்று சமணம் கூறுவதும், பிறப்புக்கு முன்பிருந்தே பல காரணிகளால் அமைவது என்று அறிவியல் கூறுவதும் வெவ்வேறு மொழிகள். ஒன்றை மற்றொன்றாக்குவது இரண்டிற்கும் அநீதி. எனினும் குறித்த ஓர் இடத்தில் அவை சந்திக்கின்றன: தோன்றிய நாட்டத்திற்காக ஒருவரைக் குற்றவாளியாக்க இரண்டிலும் இடமில்லை.

நாட்டின் சட்டமும் இத்திசையில் நடந்துள்ளது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் ஆங்கிலேயர் வைத்த பிரிவு 377, வயது வந்தோரின் இசைவான உறவைத் தண்டிக்காது என 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. தன்பால் இணையரின் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு வழங்க 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம் மறுத்தது.

இவற்றினும் இந்த அவைக்கு நெருக்கமானது சென்னை உயர் நீதிமன்றத்தின் வழக்கொன்று. பெற்றோரின் எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இளம்பெண்கள் இருவர் பாதுகாப்பு வேண்டி முறையிட்டனர். நீதியரசர் ந. ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளைத் தாம் இன்னும் முழுமையாக உணரவில்லை என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதனோடு நில்லாது உளவியலாளர் ஒருவரிடம் மாணவர்போல் அமர்ந்து கேட்டறிந்தார். பெண்களின் பெற்றோரையும் கலந்துரையாடலுக்கு அனுப்பினார். அதன் பின்னரே 2021 சூன் 7 அன்று ஆணை பிறப்பித்து, இயல்பை மாற்றுவதாகக் கூறும் சிகிச்சைக்குத் தடை விதித்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைக் குற்றமாக அறிவித்தது. இழிசொற்களுக்கு மாற்றாக மதிப்புடைய தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசும் அரசிதழில் வெளியிட்டது. அறியாமையை அறிந்துகொண்டு கற்கத் துணிந்த அந்நீதியரசரின் செயல், அநேகாந்தம் பேசும் சமுதாயத்திற்குப் பாடமாகத்தக்கது. தன் கண்ணுக்குத் தெரிந்த பக்கமே முழு உண்மை என்று சாதிக்காதிருத்தலே அநேகாந்தம்.

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு வருவோம். திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்னும் அறிவுரை இருவரைக் காயப்படுத்துகிறது. மேடையில் நிற்கும் மணமகனுக்கு அது வாழ்நாள் வேடம். எதுவும் அறியாது அவனுக்குக் கழுத்தை நீட்டும் பெண்ணுக்கோ, தன்னிடம் என்ன குறை என்று ஒவ்வோர் இரவும் தன்னையே கேட்டுத் தேயும் வாழ்க்கை. சீரும் பந்தியும் குறைவின்றி நடந்த அத்திருமணத்தில் பொய்யாமை முதல் நாளே முறிந்துவிடுகிறது. உண்மையை அறிந்தும் மறைத்த பெற்றோர்க்கும், தூண்டிய உறவினர்க்கும், அறிந்தும் வாய்மூடி இருந்தவர்க்கும் அதில் பங்குண்டு. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் என மூன்றையும் ஒரே வினையின் வாயில்களாகச் சமண நூல்கள் எண்ணுவது இதனாலன்றோ!

சிலர் கேட்கலாம்: வேட்கை வினையாயின், அதனை அடக்குமாறு அப்பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தினால் என்ன? விரதம் என்பது உயிர் தானே முன்வந்து ஏற்பது. பூட்டிய அறையில் பிறர் சுமத்தும் பிரமசரியம் விரதமாகாது, அது சிறையாகும். துறவு நெறியை விரும்பி ஏற்கும் இளைஞருக்கு வழிகாட்ட ஆசாரியர்கள் உள்ளனர். விரும்பாதவரை அந்நெறிக்குள் தள்ளும் உரிமை தாய்தந்தையர்க்கும் இல்லை. பெற்றோர் இத்தகைய உறவைச் சமய நோக்கில் ஏற்கலாம், ஏற்காதிருக்கலாம். அது அவரவர் மனச்சான்றுக்கு உரியது. ஆயினும் பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தாதிருத்தல், அடிக்காதிருத்தல், பொய்த் திருமணத்தில் கட்டாதிருத்தல், ‘நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்’ என்னும் ஒரு சொல்லைச் சொல்லாதிருத்தல் ஆகியவை கருத்து வேறுபாட்டிற்கு அப்பாற்பட்ட அகிம்சைக் கடமைகள்.

நீரிலுள்ள நுண்ணுயிர் மடியலாகாது என்று வடிகட்டிப் பருகும் மரபு இது. விளக்கில் விட்டில் விழுமென்று அஞ்சிப் பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் மரபு இது. அத்துணை நுட்பமாக உயிர்களைக் காக்கும் வீட்டில், பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் தான் உயிரோடு இருப்பதே குற்றமென எண்ணி இரவெல்லாம் விழித்துக் கிடந்தால், அவ்வீட்டின் வடிகட்டும் துணியில் எங்கோ கிழிசல் இருக்கிறது என்று பொருள்.

பர்யூஷணத்தின் நிறைவில் கண்ணுக்குத் தெரிந்த உயிர், தெரியாத உயிர் அனைத்திடமும் பொறுத்தருள வேண்டுவது வழக்கம். உறவினர்க்கும் வணிக நண்பர்க்கும் செய்தி அனுப்பப்படும். தொலைபேசிகள் ஓயாது ஒலிக்கும். இவ்வாண்டு அவ்வேண்டுதல் முதலில் வீட்டுக்குள் தொடங்கட்டும். சொல்லாலும் பார்வையாலும் எவரேனும் புண்பட்டு அந்தக் கூரையின்கீழ் மௌனமாக இருப்பாராயின், அவர் அறையின் கதவைத் தட்டி அருகில் அமர்ந்து கூறும் பொறுத்தருளலே உத்தம க்ஷமை.

அறம் வளர்க, உயிர்கள் இன்புறுக.