பள்ளி திறக்கும் நாளில் பெற்றோருக்கு ஓர் அழைப்பு

(கோடை விடுமுறைக்குப் பின் பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்தில், மக்தப் மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அல்லாஹ்வின் திருப்பெயர் கொண்டு துவங்குகிறோம்.

 

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. நமது மக்தபிலும் புதிய பிள்ளைகள் சேர்ந்துள்ளனர். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் 'அ' எழுதப் பழகும் அதே விரல்தான் நம்மிடம் 'அலிஃப்' எழுதப் பழகுகிறது. ஆகவே நாமும் ஒரு தொடக்கநிலை ஆசிரியரே. அந்த உரிமையில் உங்களை வரவேற்கிறோம். பிள்ளைகளை வரவேற்பது எளிது. அவர்கள் தாமாகவே ஓடி வந்துவிடுவார்கள். வாயிலோடு நின்றுவிடும் பெற்றோரை உள்ளே அழைக்கவே இக்கூட்டம்.

நம் குடும்பங்களில் அழகிய வழக்கம் ஒன்று உண்டு. பிள்ளைக்கு நான்கு வயதும் நான்கு மாதமும் நான்கு நாளும் நிறைந்ததும் பிஸ்மில்லாஹ் ஓதி வைக்கிறோம். புத்தாடை அணிவித்து, உற்றார் உறவினரைக் கூட்டி, இனிப்பு வழங்கி மகிழ்கிறோம். பாட்டனார் மடியில் இருத்திக்கொள்வார். பாட்டியார் கண் கலங்குவார். அன்று குடும்பமே கல்வியின் வாசலில் நிற்கிறது. மறுநாள் என்ன நிகழ்கிறது? பிள்ளை தனியே வருகிறது. அதன் பிறகு அக்குடும்பத்தார் நம்மைக் காண்பது பெரும்பாலும் ஆண்டு விழாவில்தான்.

பிள்ளையை ஒப்படைக்கும்போது சிலர் இன்றும் பழைய வாக்கைச் சொல்கின்றனர்: "ஹஜ்ரத், கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்; மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு." ஆசிரியர் மீது கொண்ட மரியாதையில் எழுந்த சொல் அது, மறுக்கவில்லை. ஆயினும் அதனுள் இரண்டு தவறுகள் மறைந்துள்ளன. ஒன்று, அடித்தால்தான் படிப்பு வரும் என்ற எண்ணம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மதரஸாக்களை அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. சட்டம் நம் வாயிலோடு நின்றாலும், பிள்ளையின் உடல் அங்கும் இங்கும் ஒன்றே அன்றோ? ஆகவே இவ்வாண்டு முதல் நமது மக்தபில் பிரம்பு இராது. இரண்டாவது தவறு, 'மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு' என்று கைகழுவுவது. அதனால் விளைந்த ஒரு நிகழ்ச்சியை, நமது குறையையும் சேர்த்தே, இங்கே சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலமெங்கும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள், வகுப்பு தொடங்குமுன் உப்புமாவோ, கிச்சடியோ, பொங்கலோ உண்டு பாடத்தில் அமரலாம் என்பதே அதன் ஏற்பாடு. நாமோ ஸுப்ஹுக்குப் பின் தொடங்கும் மக்தபைப் பழைய வழக்கப்படி எட்டேகால் வரை நடத்தி வந்தோம். பாடம் ஒப்புவிக்காத பிள்ளைகளை இன்னும் சற்று நேரம் நிறுத்தியும் வைத்தோம்.

சென்ற ஆண்டு ஒரு நாள், பள்ளித் தலைமையாசிரியை அம்மையார் நமது பள்ளிவாசல் கேட்டருகே வந்து நின்றார். குரலில் கோபம் இல்லை. "ஹஜ்ரத், உங்களிடம் ஓதிவிட்டு வருகிற பிள்ளைகளில் ஆறு பேர், சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிய பிறகுதான் வந்து சேருகிறார்கள். பசியோடு உட்காருகிற பிள்ளைக்கு எழுத்து ஏறாது" என்றார்.

நாம் தலைகுனிந்தோம். விசாரித்தபோது விவரம் தெரிந்தது. பள்ளியில் உணவு உண்டு என்ற நம்பிக்கையில் தாய் வீட்டில் ஒன்றும் தரவில்லை. வீட்டில் உண்டுவிட்டுத்தான் தாமதமாக வருகின்றன என்று பள்ளியில் முதலில் எண்ணியிருக்கின்றனர். இரண்டில் ஓரிடத்தில் உண்டிருக்கும் என்று நாம் எண்ணினோம். மூவரும் பிள்ளைமீது அன்புடையோரே. மூவருக்கும் நடுவில் பிள்ளை பசித்திருந்தது. பாடம் ஒப்புவிக்காததால் நிறுத்தி வைக்கப்பட்டோம் என்று வீட்டில் சொல்ல அஞ்சி, அது வாய் திறக்கவில்லை.

அன்பர்களே! நம் ஐயம்பேட்டையில் தறியோசை கேளாமல் வளர்ந்தவர் எவருமிலர். கோர்வைச் சேலை நெய்யும் முறையை உங்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவர் ஒருவர் இருக்க, மறுபக்கத்துக் கரைக்கு நாடா போட்டுத் தர இன்னொருவர் அருகில் அமர வேண்டும். அவர் ஒரு முறை தவறவிட்டாலும் உடலும் கரையும் கோக்கும் இடத்தில் பிசகு நின்றுவிடும். கல்வியும் அவ்வாறே. ஆசிரியர் ஒருபுறம், பெற்றோர் மறுபுறம். ஒருவர் கையை மற்றவர் பார்த்துக்கொண்டே நெய்ய வேண்டும். அந்த ஆறு பிள்ளைகள் விஷயத்தில் நாம் எவரும் மறுபக்கத்தைப் பார்க்கவில்லை.

கோர்வைத் தறியில் அந்த உதவி இடத்தில் நெடுங்காலம் அமர்ந்திருந்தவர் யார் என்பதையும் மறைக்கலாகாது. பல வீடுகளில் அது ஒரு சிறுவனோ சிறுமியோதான். 2003ஆம் ஆண்டு மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் சர்வதேச அமைப்பு வெளியிட்ட அறிக்கை, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் பிணைக்கப்பட்டிருந்த சிறுவர்களைப் பற்றி உலகுக்கு எடுத்துரைத்தது. அவ்வாறு தறியில் அமர்ந்து வளர்ந்தோர் இன்று நம்மிடையே தந்தையராக இருக்கின்றனர். வங்கிப் படிவத்தை நம்மிடம் நீட்டி நிரப்பித் தரச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் கூச்சத்தை நாம் கண்டிருக்கிறோம்.

2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்று விதித்தது. ஆயினும் பள்ளி நேரம் போக, படிப்புக்கு இடையூறின்றி, அபாயமற்ற குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று விலக்கும் அளித்தது. இந்த விலக்கு எவ்வளவு எளிதில் விரியும் என்பது தறி வீட்டாருக்குத் தெரியும். இன்று அரை மணி. முகூர்த்தக் காலம் வந்தால் இரண்டு மணி. பிறகு ஒரு திங்கட்கிழமை விடுப்பு. 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் முறையாகத் திறந்தன. அந்த இடைவெளியில் 'சும்மா இருக்கிறானே' என்று தறியில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளை நாம் அறிவோம். உட்கார வைத்தது எளிதாக இருந்தது. எழுப்பியது எளிதாக இருக்கவில்லை.

பள்ளி ஆசிரியை நம் மார்க்கத்தவர் அல்லரே, அங்கே போய் என்ன பேசுவது என்று தயங்குவோரும் உளர். பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்தவருள் எழுத்தறிந்தோர், மதீனத்துப் பிள்ளைகள் பதின்மருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் அதுவே அவர்தம் மீட்புப் பணம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வாளேந்தி எதிர்த்து வந்தோரின் முன்னே பிள்ளைகளை அமர்த்தியது அந்தச் சமுதாயம். நம் பிள்ளையின் பசிக்காகப் பள்ளிவாசல் கேட்டு வரை நடந்து வந்த அம்மையாரைச் சந்திக்க நமக்கு என்ன தயக்கம்?

ஆகவே இவ்வாண்டு முதல் மக்தப் காலை ஏழரை மணிக்கு முடிவடையும். மீதிப் பாடம் அஸருக்குப் பின். ஓதிவிட்டு வரும் பிள்ளை, பள்ளியில் சாப்பாடு பரிமாறும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும் என்பதே நோக்கம். இது நாம் செய்வது. உங்களிடம் மூன்றைக் கேட்கிறோம்.

முதலாவது, பிள்ளை வராத நாளில் காரணத்தைப் பள்ளிக்கும் நமக்கும் சொல்லி அனுப்புங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு விடியுமுன் பஸ் ஏறும் தந்தையரால் நேரில் வர இயலாது, அறிவோம். கைப்பேசியில் ஒரு சொல் போதும்.

இரண்டாவது, நாள்தோறும் பத்து நிமிடம் பிள்ளையை உங்கள் முன் வாசிக்கச் செய்யுங்கள். "எங்களுக்கே எழுத்துத் தெரியாதே" என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. எழுத்தறியாத தாய்க்கும் செவி உண்டு. பிள்ளை தடையின்றி வாசிக்கிறதா, தடுமாறுகிறதா என்பதைச் செவியே சொல்லிவிடும். தடுமாறினால் மறுநாள் ஆசிரியையிடம் தெரிவியுங்கள்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே கூறுகிறது. கழிவறையில் தண்ணீர் இல்லையென்றால் அதை அங்கே சொல்லும் உரிமை உங்களுடையது. டீக்கடையில் சொல்லிப் பயனில்லை.

அந்த ஆறு பிள்ளைகளும் இவ்வாண்டும் நம்மிடம் ஓதுகின்றனர். திறப்பு நாளன்று மணி ஏழரை ஆனதும் நாம் கித்தாபை மூடினோம். நம்ப இயலாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு பைகளை எடுத்துக்கொண்டு ஓடினர். இன்று மாலை உங்கள் பிள்ளையிடம், "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்குமுன், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். அது சொல்லும் விடையில் பள்ளியைப் பற்றியும் நம்மைப் பற்றியும் பல செய்திகள் உங்களுக்கு விளங்கும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அவர்களைக் கவனிக்கும் கண்ணையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.